அண்ணிக்குச் சைகோன் சுற்றிக் காட்டிய வாரம்

என் கணவரின் கழுத்தில் ஒரு கட்டி. இடது காதுக்குக் கீழே, சவரம் செய்யும்போது விரலில் தட்டுப்பட்டது என்றார். முதலில் பல்வலி வீக்கம் என்றோம். பிறகு சூட்டுக்கட்டி என்றோம். இரண்டும் இல்லையென்று தெரிந்ததும் சைகோனின் ஓரத்தில், தூ டுக்கில் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்திலிருந்த மருத்துவமனைக்குப் போனோம். ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகலாம், அதுவரை கவலைப்பட வேண்டாம் என்று டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னார். அவர் அதைச் சொன்ன விதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கவலையே ஆரம்பித்தது.

அந்த வாரம் பார்த்துத்தான் அண்ணி காரைக்காலிலிருந்து வந்து இறங்கினார்.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. அரசுப் பள்ளியில் வரலாறு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாமனாரும் மாமியாரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட, பள்ளிக்கூடப் பையனாக இருந்த தம்பியைப் படிக்க வைத்து, இன்ஜினியராக்கி, பெண் பார்த்து, என்னைக் கொண்டுவந்து அந்த வீட்டில் சேர்த்ததெல்லாம் அவர்தான். காரைக்காலில் எங்கள் தெருவில் ‘சைகோன் வீடு’ என்று ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரன் காலத்தில் இங்கே சைகோனில் சுங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் கட்டிய வீடு. இந்த ஊர் அமெரிக்கர்கள் கையை விட்டுப் போனபோது அவர் பிள்ளைகள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தார்களாம். அந்த வீட்டைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போய், வகுப்பில் வியட்நாம் போரை நடத்திவிட்டு, மறுபடி அந்த வீட்டைத் தாண்டி வீடு திரும்பிய அண்ணிக்கு சைகோனைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. நாங்கள் இங்கே வந்த நாளிலிருந்து அழைத்துக்கொண்டிருந்தோம். கட்டி என்ற பேச்சே இல்லாத நாளில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

"அக்காகிட்ட மூச்சு வுடக் கூடாது" என்றார் இவர், விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது. "ரிசல்ட் வரட்டும், பாத்துக்கலாம். ஆயுசுல மொத தடவையா ஃபிளைட் ஏறி வர்றா. இருக்குற வரைக்கும் சந்தோஷமா இருந்துட்டுப் போவட்டும்."

"நல்லா இருக்குங்க நியாயம். நீங்க காலையில ஃபேக்டரிக்குக் கெளம்பிடுவீங்க. நான்தான் அவங்களைக் கூட்டிக்கிட்டு, சிரிச்ச மூஞ்சியா ஊரெல்லாம் திரியணும்."

"வீட்டுல உக்காந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும்மா."

எனக்கு மட்டும் பிடிக்காதா என்று கேட்க வாய் வந்தது. விமானம் இறங்கும் நேரமாகிவிட்டதால் விட்டுவிட்டேன்.

இவர் ஊருக்கு வெளியே பின் யுவோங் என்ற இடத்தில் இருக்கும் தொழிற்சாலைக்குத் தினமும் கம்பெனி வண்டியில் போய் வருவார். மருத்துவமனையிலிருந்து இவருக்குத்தான் போன் வரும். வந்த அடுத்த நிமிடம் எனக்குச் சொல்வதாக ஏற்பாடு. அதனால் அந்த வாரம் முழுக்க என் போன் என் உள்ளங்கையிலேயே இருந்தது. கைப்பையில் போட்டால் அதிர்வது தெரியாமல் போய்விடுமோ என்று பயம். குளிக்கும்போதுகூடச் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

முதல் நாள் அண்ணி ஆறு பார்க்க வேண்டும் என்றார். தூ டுக்கிலிருந்து மெட்ரோவில் ஏறி, பா சோன் நிறுத்தத்தில் இறங்கி, ஆற்றங்கரையோடு நடந்தோம். ஒரு பெரிய சரக்குப் படகு சோம்பலாகப் போய்க்கொண்டிருந்தது. கூரை முகட்டில் இரண்டு டிராகன்கள் எதிரும் புதிருமாக நிற்கும் பழைய கப்பல் கம்பெனிக் கட்டடம் இப்போது மியூசியம். அண்ணி உள்ளே நுழைந்ததும் படிக்கிற கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அவர் படிக்கிறார். எல்லாவற்றையும் படிக்கிறார். படத்துக்குக் கீழே இருப்பதை, பெட்டிக்கு மேலே இருப்பதை, இந்தப் பொருளைக் கொடுத்து உதவியவர் இன்னார் என்று மூலையில் எறும்பு போல் அடித்திருப்பதை. ஆங்கிலத்தில் ஒரு எழுத்து விட்டுப் போயிருந்தால் விரலை வைத்துக் காட்டி, "பாத்தியா, எவ்ளோ அலட்சியம்" என்கிறார். அடுத்த பெட்டிக்குப் போய்விட்டு, முதல் பெட்டியில் ஒரு வருஷத்தைச் சரிபார்க்கத் திரும்பி வருகிறார். கயிற்றுச் சுருள், கப்பல் விளக்கு, சமையல்கட்டுப் பாத்திரம், மங்கிப்போன துறைமுகப் படங்கள் என்று அந்த மாடியில் இருந்த எதற்கும் அவர் ஓரவஞ்சனை செய்யவில்லை.

நான் வெளியே வந்தேன். ஆற்றைப் பார்த்தேன். போனைப் பார்த்தேன். உள்ளே போனேன். அண்ணி அதே பெட்டியின் அந்தப் பக்கத்துக்கு வந்திருந்தார். மறுபடி வெளியே வந்தேன். போன் அதிர்ந்தது. ஏதோ வீடு விற்கிறவன். வியட்நாமிய மொழியில் மிக மரியாதையாகப் பேசினான். நானும் மிக மரியாதையான குரலில், சிரித்த முகத்தோடு, "நாசமாப் போறவனே, உனக்கு வேற நேரமே கெடைக்கலியா" என்று தமிழில் சொன்னேன். அவன் நன்றி சொல்லி வைத்துவிட்டான்.

இது இங்கே வந்த பிறகு எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். ஆறு வருஷமாக வீட்டுக்கு வெளியே நான் பேசும் தமிழ் யாருக்கும் புரியாது. சந்தையில் மீன்காரி எடையில் விளையாடினால், லிஃப்டில் ஒருத்தன் இடித்துக்கொண்டு நின்றால், வாய்விட்டுத் தமிழில் சொல்லிவிடுவேன். மனசுக்குள் வைத்துக்கொண்டு புழுங்க வேண்டியதில்லை. சொல்லப்போனால் மனசுக்குள் பேசுவதையே மறந்துவிட்டேன்.

"எதுக்குடி உள்ளுக்கும் வெளியவும் ஓடுற?" என்றபடி அண்ணி வெளியே வந்தார். "கப்பலா புடிக்கணும்?"

"வேர்க்குது அண்ணி."

"அந்தப் போனோடயே குடும்பம் நடத்துறியே, அதுலதான் வேர்க்குது."

அங்கிருந்து பழைய சுங்க அலுவலகத்தைப் பார்க்கப் போனோம். உள்ளே விட மாட்டார்கள். எதிர்ச்சாரியில் நின்று பார்த்தால் போதும் என்றார் அண்ணி. அதற்குத் தெருவைக் கடக்க வேண்டும். இந்த ஊரில் தெருவைக் கடப்பது ஒரு தைரியம். பைக்குகள் நிற்காது. நாமும் நிற்கக் கூடாது, ஓடவும் கூடாது. ஒரே சீராக நடந்தால் அவர்களே நம்மைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இதை அண்ணிக்குக் கைகால் ஆட்டி விளக்கினேன். அண்ணி பள்ளிக்கூட அசெம்பிளிக்குப் போகிறவர் மாதிரி நேராக நடந்து அக்கரை சேர்ந்துவிட்டார். பாடம் நடத்திய நான், பாதித் தெருவில் கையிலிருந்த போன் அதிர்ந்ததும் நின்று, பிறகு பயந்து ஓடியதில், ஒரு பெண் பைக்கோடு சறுக்கப் பார்த்தாள். அவள் திட்டியது எனக்கு முழுக்கப் புரிந்தது. போனில் வந்தது ஷாம்பு விளம்பரம்.

அண்ணி அந்தக் கட்டடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்ளோ பெரிய எடத்துலேருந்து வந்தவரு, நம்ம தெருவுல வந்து கொசுவ வெரட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரே" என்றார். அவ்வளவுதான். நெகிழ்ச்சியெல்லாம் இல்லை. உடனே என்னை ஓரமாக நிற்க வைத்து, தூண் மறைக்காமல் படம் எடுக்கச் சொன்னார்.

சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்தபோது கழுத்தில் ஊசி போட்ட இடத்தில் சின்ன பிளாஸ்திரி. அதை மறைக்கக் காலர் வைத்த சட்டை.

"ஏன்டா வீட்டுலயும் ஆபீஸ் சட்டை?"

"ஏசி குளுருதுக்கா."

"ஏசிய கொறைக்கிறதுதானே. சட்டைய மாட்டிக்கிட்டு ஏசி போடுவானா ஒருத்தன்?"

இவர் சிரித்தார். என்னைப் பார்த்தார். நான் எதையும் சொல்லிவிடவில்லை என்று தலையசைத்தேன். எங்கள் இருவருக்கும் அந்த வாரம் இருந்த தாம்பத்தியம் இந்தத் தலையசைப்பு ஒன்றுதான்.

மறுநாள் டோங் டு தெருப் பள்ளிவாசல். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் கட்டியது என்று அண்ணி எங்கேயோ படித்துவிட்டு வந்திருந்தார். உயர்ந்த ஓட்டல் கட்டடங்களுக்கு நடுவே வெள்ளையும் பச்சையுமாக, வராந்தாவில் குளிர்ச்சியான தரை. செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்தோம். அண்ணி கண்ணை மூடித் தூணில் சாய்ந்துகொண்டார். "நாகூரு தர்காவுல உக்காந்த மாதிரி இருக்குடி" என்றார். எனக்கோ உட்கார்ந்த இடம் சுட்டது. எழுந்து கை கழுவினேன், முகம் கழுவினேன், செருப்பை வரிசையாக அடுக்கினேன், அடுத்தவர்கள் செருப்பையும் அடுக்கினேன். தொழுகைக்கு வந்த ஒரு பெரியவர் என்னை வேலைக்காரி என்று நினைத்து சலாம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றும் போன் வரவில்லை. வராத நாளில் இரண்டு விதமாகத் தோன்றும். நல்ல செய்தி என்பதால்தான் அவசரமில்லாமல் இருக்கிறார்கள் என்று ஒரு தரம். கெட்ட செய்தி என்பதால்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று அடுத்த தரம். மெட்ரோவில் தூ டுக் வந்து சேர்வதற்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக எத்தனையோ தடவை போய் வந்துவிட்டேன். எதிரில் கல்லூரிப் பிள்ளைகள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் கோபம் வந்தது. அண்ணி மேல் அதைவிடக் கோபம் வந்தது. இந்த மனுஷி இப்போது வந்திருக்க வேண்டுமா?

அடுத்து மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்தில் இருக்கும் வரலாற்று மியூசியம். அண்ணி இதற்காகவே காலையில் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். நடுமுற்றத்தைச் சுற்றி அறை அறையாகப் போகும் கட்டடம். கற்காலத்திலிருந்து தொடங்கி வரிசையாகத்தான் பார்க்க வேண்டும் என்று அடம். வெண்கல முரசு, ஓலைச் சுவடி மாதிரி ஏதோ ஒன்று, பீங்கான், பீங்கான், மறுபடி பீங்கான். ஓர் அறையில், பழைய கல்லறை ஒன்றைத் தோண்டும்போது கிடைத்த ஒரு பெண்ணின் உடல், கெட்டுப்போகாமல் அப்படியே கண்ணாடிப் பெட்டியில். அண்ணி கண்ணாடியை மாற்றிக்கொண்டார். அந்தப் பெண்ணின் காய்ந்த கழுத்தைத்தான் நான் முதலில் பார்த்தேன். "நீங்க பாத்துட்டு வாங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு வெளியே பாய்ந்தேன்.

பாய்ந்து போய் நின்ற அறையில் பெருமாள் நின்றார்.

மணற்கல். ஆளுயரம். மெகாங் ஆற்றின் கழிமுகத்துப் பழைய துறைமுக ஊர்களில் கிடைத்ததாம். பக்கத்தில் துர்க்கை, ஒரு லிங்கம், தும்பிக்கை தேய்ந்த பிள்ளையார். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் நான் அந்த அறைக்குள் போனதில்லை. பெருமாள் தலையில் உயரமான கிரீடம். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு, பக்கத்து வீட்டு மாமா ‘என்ன, சாப்பிட்டாச்சா’ என்று கேட்பது மாதிரி. நான் சாமி கும்பிடுகிறவள் இல்லை. எங்கள் வீட்டில் விளக்கேற்றுவது இவர்தான். நான் எண்ணெய் சிந்தினால் துடைப்பேன். அன்றைக்கு என்னவோ, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன். கையைக் கூப்பினேன். பெருமாளே, அது வெறும் கொழுப்புக் கட்டியாக இருக்கட்டும் என்று சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவல்காரப் பெண் என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குனிந்து, தடுப்புக் கயிற்றுக்கு வெளியே தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கொஞ்சம் லேசாக இருந்தது. உண்மையாகவே இருந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது அண்ணி வந்துவிட்டார். சிலையை மேலும் கீழும் பார்த்தார்.

"எவ்ளோ அழகு பாரு. கையெல்லாம் போச்சே."

அப்போதுதான் நான் கவனித்தேன். நான்கு கைகளில் ஒன்றுகூட முழுசாக இல்லை. இரண்டு தோளோடு போயிருந்தன. இரண்டு முழங்கையோடு.

"இதெல்லாம் பின்னம்" என்று அண்ணி வகுப்பெடுக்கும் குரலில் ஆரம்பித்தார். "பின்னமான சிலையக் கும்புடக் கூடாது. நம்ம ஊரா இருந்தா கடல்ல கொண்டு வுட்டுடுவாங்க, இல்லேன்னா கோயில் கெணத்துல எறக்கிடுவாங்க. இங்க மியூசியத்துல வச்சிட்டான், அதுவும் நல்லதுக்குத்தான், நமக்குப் பாக்கக் கெடைக்குது. ஆனா தெரியாத்தனமாக்கூடக் கையெடுத்துடக் கூடாது. வீட்டு ஆம்பளைக்கு ஆவாதும்பாங்க எங்கம்மா. நான் நம்பறதில்ல. ஆனா சொல்லுவாங்க."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று எத்தனை பேரிடம் வாய் கிழியப் பேசியிருக்கிறேன். பூனை குறுக்கே போனாலும் நிற்காமல் நடக்கிறவள் நான். ‘வீட்டு ஆம்பளைக்கு ஆவாது’ என்ற மூன்று சொல்லில் அத்தனையும் காணாமல் போய்விட்டது. வாழ்க்கையில் அபூர்வமாக ஒரு தடவை கையெடுத்துக் கும்பிட்டேன். அதையும் கும்பிடக் கூடாத இடமாகப் பார்த்துக் கும்பிட்டுத் தொலைத்திருக்கிறேன்.

"அண்ணி, கோயிலுக்குப் போவலாமா?"

"எந்தக் கோயிலு?"

"மாரியம்மன் கோயிலு. மார்க்கெட் பக்கத்துல."

"இன்னும் பாதி மியூசியம் கெடக்குதேடி."

"இப்பவே போவணும் அண்ணி."

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா? கோயிலுக்கா?" என்றவர், என் முகத்தில் எதைக் கண்டாரோ, மேலே கேட்காமல் குடையை எடுத்துக்கொண்டார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. டாக்ஸி கிடைத்தது, ஆனால் நகரவில்லை. பைக்கில் வந்தவர்கள் எல்லாரும் கலர் கலராக மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு எங்களைச் சுற்றி நின்றார்கள். "நகருடா, நகருடா" என்று டிரைவரிடம் தமிழில் கெஞ்சினேன். "அவன் என்னா பண்ணுவான் பாவம்" என்றார் அண்ணி. சிலையிடம் கேட்டது போய்ச் சேர்வதற்குள் நான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மனசாரப் பதறினேன்.

அந்த மாரியம்மன் கோயில் நம் ஆட்கள் கட்டியதுதான். இப்போது கும்பிட வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வியட்நாமியர்களும் சீனர்களும். கட்டுக் கட்டாக ஊதுபத்தி கொளுத்துவார்கள். மல்லிகையோடு உப்பு, அரிசிப் பொட்டலமும் வைப்பார்கள். அவர்களுக்கு அங்கே இன்னொரு வழக்கம் உண்டு. கருவறைக்குப் பின்புறம் உள்ள கல் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் நெற்றியையும் பதித்து, கல்லோடு உதடு படுகிற மாதிரி நின்று, வேண்டியதை வாய்விட்டு முணுமுணுப்பார்கள். மனசுக்குள் நினைத்தால் அம்மனுக்கு எட்டாதாம். இங்கே வந்த புதிதில் ஒரு காய்கறிக்காரம்மா எனக்குச் செய்து காட்டியிருக்கிறாள். ஆளாளுக்குச் சுவரோடு குசுகுசுவென்று பேசுவதைப் பார்த்து அப்போது இவரிடம் கேலி செய்திருக்கிறேன்.

செருப்பை எங்கே விட்டேன் என்று தெரியாது. நேராகப் பின்பக்கம் போனேன். ஒரு கல்லூரிப் பெண் விலகியதும் அந்த இடத்தில் நெற்றியை வைத்தேன். கல் ஈரமாக, புகை வாசனையோடு இருந்தது. வாயைத் திறந்தேன்.

"அம்மா, அந்த மியூசியத்துல நான் கேட்டத எடுத்துக்காத. கை ஒடைஞ்ச சாமின்னு தெரியாமக் கும்புட்டுட்டேன். அந்தக் கோவத்த அவரு மேல காட்டிடாத. அவரு கழுத்துல இருக்கறது கேன்சர்னு மட்டும் வந்துடக் கூடாது. பயந்து கெடக்கறாரும்மா. ராத்திரியில தூங்கறதில்ல, தூங்கற மாதிரி படுத்திருக்காரு. அவங்க அக்காகிட்டகூடச் சொல்லாம உள்ளுக்குள்ளயே வச்சிக்கிட்டு..."

இன்னும் என்னென்னவோ சொன்னேன். மியூசியத்தில் பெட்டி பெட்டியாகப் படித்துக்கொண்டு நிற்கும் அண்ணியைத் தூக்கி ஆற்றில் போடலாம் போல வந்ததைக்கூடச் சொன்னேன். அழுகையும் பேச்சுமாகக் கொட்டித் தீர்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன்.

எனக்கு அடுத்ததாக, ஒரு கை தூரத்தில், ஊர் வழக்கத்தைப் பார்த்துத் தானும் அப்படியே செய்யலாம் என்று கல்லில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அண்ணி நின்றிருந்தார்.

இத்தனை பெரிய ஊரில் எனக்குப் பக்கத்தில் நின்று நான் பேசும் தமிழைப் புரிந்துகொள்ளக் கூடிய ஒரே ஆள். அவரை நானே கையைப் பிடித்துக் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

அண்ணி நான் விட்ட இடத்தில் நெற்றியை வைத்தார். உதடு அசையவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். பிறகு திரும்பி வந்து மண்டபத்து ஓரத்தில், மழைத்தண்ணீர் தெறிக்காத இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். நானும் போய் நின்றேன்.

"எப்பத்துலேருந்து?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடிலேருந்து அண்ணி."

"அதான் காலர் சட்டை."

"அதான்."

"ஏன்டி, நான் யாரு அந்த வூட்டுல? எனக்குக் கப்பலக் காட்டி, கட்டடத்தக் காட்டி, சின்னப் புள்ளைக்குப் பராக்கு காட்டற மாதிரி..." குரல் உடைந்தது. கோபம்தான், அழுகையில்லை. எனக்கும் கோபம் வந்தது.

"நான் என்னா பண்ணுவேன்? அவரு சொல்லாதங்கறாரு. நீங்க ஒவ்வொரு போர்டா படிக்கறீங்க. நான் செத்துச் செத்துப் பொழைக்கறேன். போதாக்குறைக்கு அந்தச் சிலையக் கும்புட்டுத் தொலைச்சிட்டேன், நீங்க வந்து ஆம்பளைக்கு ஆவாதுங்கறீங்க!"

அண்ணி என்னையே பார்த்தார். "அடிப் பைத்தியமே" என்றார். "அதுக்கா ஓடியாந்த? எங்கம்மா இத மாதிரி ஆயிரம் சொல்லுவாங்க. செவ்வாக்கெழமை நகம் வெட்டினாக்கூட ஆம்பளைக்கு ஆவாதும்பாங்க." என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அவர் கை சில்லிட்டிருந்தது.

போன் அதிர்ந்தது.

திரையில் இவர் பெயர். என் விரல் ஈரமாக இருந்தது. தடுக்கித் தடுக்கித் தேய்க்கிறேன், எடுக்கவில்லை. அண்ணி வாங்கி, தன் முந்தானையில் ஒரு துடை துடைத்து, எடுத்துக் காதில் வைத்தார். ஒரு அழைப்பும் தப்பிவிடக் கூடாதென்று சத்தத்தை நான் முழுசாகக் கூட்டி வைத்திருந்தேன். அதனால் எனக்கும் எல்லாம் கேட்டது.

"வந்துடுச்சும்மா" என்றார் இவர், அந்தப் பக்கம் யார் என்று கேட்காமலே. "கெட்டதுதான். ஆபரேஷன் பண்ணணுமாம். அப்பறம் ரேடியேஷன். சீக்கிரமாவே பாத்தாச்சு, நம்பிக்கையா இருங்கன்னு டாக்டர் சொல்றாரு. கேக்குதா? அக்கா பக்கத்துல இருக்காளா? அவகிட்ட சொல்லாத. அவ மூஞ்சியப் பாத்து என்னால இத சொல்ல முடியாது."

அண்ணியின் வாய் திறந்தது. நான்தான்டா என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வாயை மூடிக்கொண்டு போனை என் கையில் வைத்தார்.

"கேக்குதுங்க" என்றேன்.

"அக்கா எங்க?"

"சாமி கும்புட்டுக்கிட்டு இருக்காங்க."

"சரி. ஜாக்கிரதையா வாங்க. மழை பெய்யுது."

போனை வைத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. ஒரு வாரமாகப் பயந்து பயந்து, அது வந்து நின்றபோது பயப்படக்கூட மிச்சமில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் அண்ணி. "அவனா சொல்ற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது. புரிஞ்சுதா?"

"எப்படி அண்ணி முடியும்?"

"தெரிஞ்சுபோச்சுன்னு நான் போயி அவன் முன்னாடி நின்னா, அவன் எனக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பிச்சிடுவான். ஒண்ணும் இல்லக்கா, பயப்படாதக்கான்னு. அவன் ஒடம்புக்கு வந்ததுக்கு அவன் எனக்கு ஆறுதல் சொல்லணுமா? வேணாம்."

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அண்ணி பேசியதைப் போல யாரும் பேசி நான் கேட்டதில்லை. பீங்கான் அறையில் நான் கொட்டாவி விட்டதை நடித்துக் காட்டினார். தெரு நடுவில் போனோடு நான் ஆடிய ஆட்டத்தை எழுந்து நின்று ஆடிக் காட்டினார். இவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தத் தண்ணீரைத் துடைக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. அண்ணி பார்க்காத மாதிரி ரசம் ஊற்றிக்கொண்டார். நான் அடுப்படிக்குப் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். ஒரு வீட்டில் மூன்று பேருக்கும் தெரிந்த ஒரு விஷயம், மூன்று பேரும் சேர்ந்து அதை மறைக்கிறோம். என் ஆயுளில் இவ்வளவு களைத்துப் போனதில்லை.

காலையில் இவர் வேலைக்குக் கிளம்பவில்லை. லீவு என்றார். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். அண்ணி குளித்துத் தலையை முடிந்துகொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"தம்பி, என் டிக்கெட்ட மாத்தணும்."

"ஏன்க்கா, சீக்கிரமே போவணுமா?"

"போவறதா? இன்னும் ஒண்ணுமே பாக்கல. உம் பொண்டாட்டி ஒரு மியூசியத்தையும் முழுசாப் பாக்க வுட மாட்டேங்கறா. போர் மியூசியம் பாக்கணும், சண்டையில தோண்டின சுரங்கம் பாக்கணும், அந்த வரலாத்து மியூசியத்துலயே பாதி கெடக்குது."

"எவ்ளோ நாளு ஆவும்?"

"அத நீதான் சொல்லணும்."

இவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் எந்தப் பக்கமும் தலையை அசைக்கவில்லை. அண்ணி காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். தெருவில் ஒருத்தி ஒலிபெருக்கி வைத்த வண்டியில் ரொட்டி விற்றுக்கொண்டு போனாள்.

"அக்கா" என்றார் இவர். "ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

சொன்னார். சவரக் கத்தியிலிருந்து தொடங்கி, ஊசி, டாக்டர், நேற்றைய போன் வரைக்கும், வரிசையாக, எதையும் விடாமல். நடுவில் நின்றுவிட்டபோது அண்ணி எடுத்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தார். ஆபரேஷன் என்ற சொல் வந்தபோது மட்டும் டம்ளரைக் கீழே வைத்தார். எல்லாம் சொல்லி முடித்து, ஒண்ணும் ஆகாதுக்கா என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டு, தலை நரைத்த அந்த மனுஷர் மேசையைப் பார்த்துக்கொண்டே, "போவாதக்கா" என்றார்.

அண்ணி அப்போதுதான் அழுதார். கோயிலில் அழவில்லை, போனைக் கேட்டும் அழவில்லை. இப்போது முதல் தடவையாகக் கேட்கிறவர் எப்படி அழுவாரோ அப்படி அழுதார். அதில் கொஞ்சம்கூட நடிப்பில்லை. இவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஏதாவது செய்தாக வேண்டும். டிக்கெட்டை மாற்றலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். புதிதாகத் திரும்பும் தேதி எது என்று அது கேட்டது. அவர்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தேன். கேட்கவில்லை. அண்ணியின் விசா முடிகிற கடைசி நாளைப் போட்டேன்.